பதிலைப் பார்த்து அடுத்த கேள்வி கேட்கும் கூகல் பாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இப்போது எதற்கெடுத்தாலும் கூகல் பாரம்தான், அதாவது இணையத்தில் நிரப்பி அனுப்பும் Google Forms. டியூசன் பதிவு, கோயில் அன்னதானம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவுப் பணி), முன்னாள் மாணவர் சந்திப்பு என்று எல்லாமே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஓர் இணைப்பாக வந்து விழுகிறது. அந்தப் பாரங்களைத் தயாரிக்கும் ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: ஒருவர் சொல்லும் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாற வேண்டும், அதை எப்படிச் செய்வது?

எல்லாக் கேள்விக்கும் ஒரே உதாரணத்தை வைத்தே பதில் சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் குறைந்த கட்டணத்தில் டியூசன் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளியில் ஆண்டு 4 முதல் 6 வரையும், இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரையும் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேன் வசதி உண்டு. கட்டணச் சலுகையும் உண்டு.

எல்லாக் கேள்விகளையும் ஒரே பக்கத்தில் போட்டு, "பொருந்தினால் மட்டும் நிரப்பவும்" என்று எழுதினால் போதாதா?

ஐந்தாறு கேள்விகள் என்றால் தாராளமாகப் போதும். அதற்கு மேல் போனால் போதாது.

பாரத்தை நிரப்புபவரின் நிலையிலிருந்து பாருங்கள். காலையில் செம்பனைக் குலை வெட்டப் போனவர் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு இரவில்தான் கைப்பேசியை எடுக்கிறார். திரை சிறியது. அதில் இருபத்தைந்து கேள்விகள் நீளமாக இறங்குகின்றன. பட்டணத்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவரிடம் வேன் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறது. ஆண்டு 4 பிள்ளையின் அம்மாவிடம் படிவம் 2 பாடங்களைக் கேட்கிறது. "இது எனக்கா, இல்லையா?" என்று ஒவ்வொரு கேள்வியிலும் நின்று யோசித்து, பாதியில் மூடிவிட்டு, மறுநாள் "டீச்சர், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று குரல் பதிவு அனுப்புவார்.

தன் வீட்டுக்குப் பொருந்தாத கேள்வி தன் முன்னால் வரக்கூடாது. நிரப்புபவருக்கு நாம் காட்டும் அடிப்படை மரியாதை அது.

எங்கிருந்து தொடங்குவது?

காகிதத்தில்! கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, கட்டம் போட்டு, அம்புக்குறி வரையுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு இரவு பதினொரு மணிக்குப் பாரத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

நம் டியூசன் பாரத்துக்கு ஆறு கட்டங்கள் வரும். முதல் கட்டம் பிள்ளையின் பெயர், பெற்றோர் தொடர்பு எண், "பிள்ளை தொடக்கப்பள்ளியா, இடைநிலைப்பள்ளியா?" என்ற கேள்வி. இரண்டாவது தொடக்கப்பள்ளி ஆண்டும் பாடங்களும். மூன்றாவது இடைநிலைப்பள்ளி படிவமும் பாடங்களும். நான்காவது "வேன் வேண்டுமா?" என்ற ஒற்றைக் கேள்வி. ஐந்தாவது வேன் ஏறும் இடம். ஆறாவது எல்லோருக்கும் பொதுவான கடைசிப் பக்கம்: ஒவ்வாமை ஏதும் உண்டா, படம் எடுக்கச் சம்மதமா போன்றவை. கட்டணச் சலுகைப் பக்கத்தை இதற்குள் எங்கே செருகுவது என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

அம்புக்குறிகள் இப்படிப் போகும்: ஒன்றிலிருந்து இரண்டுக்கு அல்லது மூன்றுக்கு. இரண்டு, மூன்று இரண்டுமே முடிந்ததும் நான்குக்கு. நான்கில் "ஆம்" என்றால் ஐந்து, "இல்லை" என்றால் நேரே ஆறு. ஐந்து முடிந்ததும் ஆறு. இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்கும்போது மறுபடி தேவைப்படும்.

வரையும்போதே தேவையில்லாத கேள்விகளும் கண்ணில் படும். பழைய பாரத்தை நகலெடுத்து வைத்திருப்பவர்கள் யூபிஎஸ்ஆர் (ஆண்டு 6 தேர்வு), பிடி3 (படிவம் 3 தேர்வு) முடிவுகளைக் கேட்கும் வரியை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். யூபிஎஸ்ஆர் 2021இலேயே எடுக்கப்பட்டுவிட்டது, பிடி3 2022இல் போய்விட்டது. அதைக் கேட்டு யாரைக் குழப்பப் போகிறோம்?

சரி, கூகல் பாரத்தில் எந்த இடத்தில் என்ன அழுத்த வேண்டும்?

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூகல் பாரம் தனித்தனிக் கேள்வியைக் காட்டவோ மறைக்கவோ செய்யாது. அது ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தாவும், அவ்வளவுதான். கூகல் அந்தப் பகுதியைச் 'செக்‌ஷன்' என்கிறது. அதனால் மறைக்க வேண்டிய ஒவ்வொன்றும் தனிச் செக்‌ஷனில் இருந்தாக வேண்டும், ஒரே ஒரு கேள்வியாக இருந்தாலும் சரி.

பாரத்தின் வலப்பக்கத்தில் சின்னங்கள் நீளவாக்கில் நிற்கும். கைப்பேசியில் அவை கீழே இருக்கும். கடைசியாக இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள சின்னம்தான் 'ஆட் செக்‌ஷன்'. காகிதத்தில் எத்தனை கட்டமோ அத்தனை செக்‌ஷன்களை முதலில் உருவாக்கிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உடனே பெயர் வையுங்கள்: 'தொடக்கப்பள்ளி', 'இடைநிலைப்பள்ளி', 'வேன்'. பெயர் வைக்காமல் விட்டால் பிறகு பட்டியலில் எது எது என்று அடையாளம் தெரியாமல் தடுமாறுவீர்கள்.

அடுத்து, பாதையைப் பிரிக்கும் கேள்விக்குப் போங்கள். நம் பாரத்தில் அது "தொடக்கப்பள்ளியா, இடைநிலைப்பள்ளியா?". கேள்விப் பெட்டியின் கீழ் வலது மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தினால் வரும் பட்டியலில் 'கோ டு செக்‌ஷன் பேஸ்ட் ஆன் ஆன்சர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி முளைக்கும். அதில் எந்தச் செக்‌ஷனுக்குப் போக வேண்டும் என்று குறிப்பிடுங்கள். வேண்டுமானால் அங்கேயே 'சப்மிட் பார்ம்' என்று கொடுத்து, அந்தப் பதிலைச் சொன்னவருக்குப் பாரத்தை உடனே முடித்துவிடலாம்.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி அடுத்த கேள்வியில்.

தொடக்கப்பள்ளி என்று சொன்னவருக்கும் இடைநிலைப்பள்ளிக் கேள்விகள் வருகின்றன. எல்லாம் சரியாகத்தானே வைத்தேன்?

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

நீங்கள் உள்ளே நுழையும் வழியைச் சரியாக வைத்துவிட்டீர்கள். வெளியேறும் வழியை வைக்கவில்லை. தொடக்கப்பள்ளிப் பெற்றோர் இரண்டாவது செக்‌ஷனுக்கு ஒழுங்காகப் போகிறார். ஆண்டு, பாடம் எல்லாம் நிரப்புகிறார். 'நெக்ஸ்ட்' அழுத்துகிறார். அப்போது கூகல் என்ன செய்யும்? வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது வரிசையில் அடுத்ததுக்கு, அதாவது மூன்றாவதுக்குப் போகும். மூன்றாவது இடைநிலைப்பள்ளி. அந்த அம்மா பாவம், ஆண்டு 4 பிள்ளைக்குப் படிவம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒவ்வொரு செக்‌ஷனின் அடியிலும் 'ஆஃப்டர் செக்‌ஷன் 2' என்பது போல ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 'கன்டினியூ டு நெக்ஸ்ட் செக்‌ஷன்' என்று தானாகவே போட்டிருக்கும். அதை அழுத்தி 'வேன்' செக்‌ஷனுக்கு மாற்றுங்கள். இந்த வரி சின்னதாக, மங்கலாக, இரண்டு செக்‌ஷனுக்கு இடையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் கண்ணில் படுவதே இல்லை.

நம் ஆறு கட்டங்களையே எடுத்துப் பாருங்கள். இரண்டின் முடிவை நான்குக்கு மாற்றியே ஆக வேண்டும். மூன்றின் முடிவும் ஐந்தின் முடிவும் தற்செயலாகச் சரியான இடத்துக்கே போகும், ஏனென்றால் அடுத்ததே அதுதான். ஆனாலும் அவற்றையும் கையால் குறிப்பிட்டு வையுங்கள். நாளைக்கு நடுவில் புதிதாக ஒரு செக்‌ஷனைச் சேர்த்தால் 'அடுத்தது' என்பது வேறொன்றாகிவிடும். பெயர் சொல்லி வைத்தது மாறாது.

மூன்று புள்ளியை அழுத்தினேன், அந்த வசதியே பட்டியலில் இல்லையே?

கேள்வியின் வகையைப் பாருங்கள். ஒரே ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்கும் 'மல்டிபள் சாய்ஸ்', 'டிராப்டவுன்' இரண்டுக்கு மட்டுமே அந்த வசதி உண்டு. பல பதில்களைத் தேர்ந்தெடுக்கும் செக்பாக்ஸ், தட்டச்சு செய்யும் பதில், தேதி, மதிப்பெண் அளவுகோல் எதற்கும் கிடையாது.

ஆகவே பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டு அதை வைத்து வகுப்பைப் பிரிக்க முடியாது. வகுப்பையே நேரடியாகக் கேளுங்கள். அதே போல, 'மற்றவை' என்று ஒரு பதில் வேண்டுமானால் கூகல் தானாகத் தரும் 'அதர்' என்பதை விட்டுவிட்டு, நீங்களே ஒரு சாதாரணப் பதிலாக 'மற்றவை' என்று எழுதுங்கள். அதைத் தேர்ந்தெடுப்பவரை ஒரு தனிச் செக்‌ஷனுக்கு அனுப்பி அங்கே விவரம் எழுதச் சொல்லலாம்.

ஒருவர் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செக்பாக்ஸ் இல்லாமல் எப்படி?

கோத்தோங் ரோயோங் பாரத்தில் இது நிச்சயம் வரும். "நீங்கள் எதில் உதவுவீர்கள்? சமையல், புல் வெட்டுதல், சாயம் பூசுதல்." ஒரே குடும்பம் மூன்றிலும் கை கொடுக்கும். சமையலுக்கு வருபவரிடம் எத்தனை மணிக்கு வரமுடியும் என்றும், புல் வெட்ட வருபவரிடம் சொந்த இயந்திரம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

இதற்குக் கதவு முறைதான் வழி. ஒரு பெரிய கேள்வியை உடைத்து, ஆம்–இல்லை கேள்விகளாக வரிசையில் வையுங்கள். "சமையலில் உதவுவீர்களா?" ஆம் என்றால் சமையல் விவரம், இல்லை என்றால் நேரே "புல் வெட்ட வருவீர்களா?". சமையல் விவரம் முடிந்தவரும் அதே புல் வெட்டும் கேள்விக்குத்தான் வந்து சேர வேண்டும். அங்கேயும் அதே மாதிரி. மூன்று வேலைக்கு மூன்று கதவு. ஒவ்வொரு கதவும் தனிச் செக்‌ஷன், அதில் அந்த ஒரே கேள்விதான்.

நாலைந்து கதவுகளுக்கு மேல் போனால் நிரப்புபவருக்கு 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்தியே அலுத்துவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் பிரிக்கும் யோசனையைக் கைவிட்டு, ஒரே செக்பாக்ஸ் கேள்வியும் கீழே "விவரம் இருந்தால் எழுதுங்கள்" என்ற ஒரு பெட்டியும் வைப்பதே நல்லது. விவரத்தைச் செயலாளர் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்த வசதி என்பதற்காக அதை எல்லா இடத்திலும் நுழைக்கத் தேவையில்லை.

ஒரே செக்‌ஷனில் பாதையைப் பிரிக்கும் கேள்விகள் இரண்டு இருந்தால்?

கடைசியாக உள்ளதுதான் எடுபடும். பக்கத்தை முடித்து 'நெக்ஸ்ட்' அழுத்தும்போதுதான் கூகல் தாவுகிறது. இரண்டு கேள்விகள் இரண்டு திசையைச் சொன்னால் பிந்தியதைக் கேட்கும். ஆகவே ஒரு செக்‌ஷனுக்கு ஒரு பிரிப்பு, அதுவும் கடைசிக் கேள்வியாக. இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். மூன்று பேரையும் ஒரே பாரத்தில் பதிவு செய்ய வைக்கலாமா?

பாரத்தின் முடிவில் "இன்னொரு பிள்ளை உண்டா?" என்று கேட்டு, ஆம் என்றால் மறுபடி முதல் செக்‌ஷனுக்கே அனுப்பிவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். அனுப்ப முடியும். ஆனால் அது புதிய பக்கம் அல்ல. மூத்த பிள்ளையின் பெயர் உள்ள அதே பக்கம்தான். அதை அழித்துவிட்டு இளையவர் பெயரை எழுதினால் மூத்தவரின் பதிவு போய்விடும். ஆகவே சுற்றி வரும் பாதை வேண்டாம்.

இரண்டு வழிகள் உண்டு. 'இரண்டாம் பிள்ளை', 'மூன்றாம் பிள்ளை' என்று தனித்தனிச் செக்‌ஷன்களை நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கதவு வைக்கலாம். செக்‌ஷனின் மூன்று புள்ளிகளில் 'டூப்ளிகேட்' உண்டு, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். ஆனால் நம் டியூசன் பாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, வேன் என்று கிளைகள் இருப்பதால் செக்‌ஷன்கள் இருபதை எட்டிவிடும்.

நான் சொல்வது இரண்டாவது வழி: பிள்ளைக்கு ஒரு பாரம். முதல் பக்கத்திலேயே "ஒரு பிள்ளைக்கு ஒரு முறை நிரப்பவும்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அனுப்பி முடித்ததும் 'சப்மிட் அனதர் ரெஸ்பான்ஸ்' என்று ஒரு இணைப்பு வரும்; அதை அழுத்தி அடுத்த பிள்ளைக்குப் போகலாம். இதற்கு 'லிமிட் டு ஒன் ரெஸ்பான்ஸ்' என்ற அமைப்பு அணைந்திருக்க வேண்டும். அது போட்டிருந்தால் இரண்டாம் பிள்ளைக்குக் கதவு சாத்தப்படும்.

கட்டணச் சலுகைக்காகக் குடும்ப வருமானத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் இந்த வசதியை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

வருமானத்தை எல்லோரிடமும் கேட்காதீர்கள். "கட்டணச் சலுகை தேவையா?" என்று ஒரு கதவு வையுங்கள். தேவை என்பவரிடம் மட்டும் விவரம் கேளுங்கள். அந்த விவரத்திலும் துல்லியமான வெள்ளிக் கணக்கு வேண்டாம். இத்தனை வெள்ளிக்குள், இத்தனைக்கு மேல் என்று மூன்று நான்கு வரம்புகள் போதும். எத்தனை பேர் ஒரு வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். நம் ஆறு கட்டங்களில் இந்தக் கதவும் அதன் விவரப் பக்கமும் வேனுக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில் வரும். அப்போது 'வேன் வேண்டாம்' என்பவரும் வேன் ஏறும் இடத்தை முடித்தவரும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் இந்தக் கதவுக்கு வரும்படி மாற்ற மறக்காதீர்கள்.

அதே மாதிரி இன்னொரு வரி: 'தந்தையின் பெயர்', கட்டாயம். எத்தனையோ பாரங்களில் இது முதல் பக்கத்திலேயே நிற்கிறது. அப்பா இறந்துபோன பிள்ளை, அப்பா பிரிந்துபோன பிள்ளை, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை எல்லாம் நம் லயங்களிலும் தாமான்களிலும் இருக்கிறார்கள். அந்தச் சிவப்பு நட்சத்திரக் குறி அந்த அம்மாவை நகரவிடாது. ஏதாவது எழுதினால்தான் அடுத்த பக்கம் வரும். அவர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். மனத்தில் ஒரு முள் தைக்கும். "பிள்ளைக்குப் பொறுப்பாளர் யார்?" என்று கேளுங்கள். அப்பா, அம்மா, தாத்தா பாட்டி, மற்றவர். பிறகு "பொறுப்பாளரின் பெயர்" என்று ஒரே வரி. இதற்குக் கிளையே தேவையில்லை. நமக்கு வேண்டியது அவசரத்துக்கு அழைக்க ஒரு பெரியவர், அவ்வளவுதானே.

அமைப்புகளில் 'வியூ ரிசல்ட்ஸ் சம்மரி' என்ற ஒன்று உண்டு. அது போட்டிருந்தால் பாரத்தை நிரப்பியவர்கள் மற்றவர்களின் பதில்களையும் பார்க்க முடியும். வருமானம் கேட்கும் பாரத்தில் அது கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். பதில்கள் வரிசையாக வந்து சேரும் கூகல் ஷீட்ஸ் பதில் தாளையும் செயற்குழுப் புலனத்தில் தூக்கிப் போடாதீர்கள். ஒருவர், மிஞ்சினால் இருவர் பார்த்தால் போதும்.

அடையாள அட்டை எண்ணைக் கேட்கலாமா?

டியூசன் பதிவுக்கு எதற்கு? அந்தப் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. வகுப்பும் தொடர்பு எண்ணும் இருந்தால் பிள்ளையை அடையாளம் காணலாம். காப்புறுதி போன்ற காரணத்துக்கு உண்மையிலேயே தேவை என்றால், காரணத்தைக் கேள்விக்குக் கீழேயே எழுதி, தேவைப்படுபவரிடம் மட்டும் கேளுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. கோயில் மண்டபத்து வகுப்பு அதில் அடங்குமோ அடங்காதோ, பிள்ளைகளின் விவரத்தைப் பொத்திப் பாதுகாக்க வேண்டியது நம் கடமை.

மறைந்திருக்கும் செக்‌ஷனில் கட்டாயக் கேள்வி இருந்தால் பாரம் அடைத்துக்கொள்ளாதா?

அடைக்காது. யார் அந்தச் செக்‌ஷனுக்குள் போகிறாரோ அவருக்கு மட்டுமே அது கட்டாயம். வேன் ஏறும் இடத்தைத் தைரியமாகக் கட்டாயமாக்குங்கள். ஆனால் பாதையைப் பிரிக்கும் கேள்வியும் கட்டாயமாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலளிக்காமல் தாண்டிவிட்டால் கூகலுக்கு எங்கே அனுப்புவது என்று தெரியாது. செக்‌ஷனின் அடியில் உள்ளபடி போய்விடும்.

தமிழில் ஒரு கிளை, மலாயில் ஒரு கிளை என்று பிரிக்கலாமா?

பிரிக்கலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். இளம் பெற்றோரில் சிலருக்கு மலாயில் படிப்பது வேகம், சிலருக்குத் தமிழ், அது உண்மைதான். ஆனால் மொழிக்கு ஒரு கிளை என்றால் எல்லாச் செக்‌ஷன்களும் இரட்டிப்பாகும், பதில் தாளில் எல்லாப் பத்திகளும் இரட்டிப்பாகும், ஒரு திருத்தத்தை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும். ஒரு இடத்தில் செய்து மறு இடத்தில் மறப்பது நடந்தே தீரும். கேள்வியைத் தமிழில் எழுதி, அதன் கீழே உள்ள விளக்க வரியில் மலாயில் சுருக்கமாகக் கொடுங்கள். பாதை ஒன்றே இருக்கட்டும்.

இணைப்பை அனுப்பினேன், பெற்றோருக்குத் திறக்கவே இல்லை. கிளை வைத்ததாலா?

கிளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆசிரியர்கள் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கில் பாரம் தயாரிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். அமைப்பு சார்ந்த கூகல் கணக்கில், அந்த அமைப்புக்குள் உள்ளவர்கள் மட்டுமே நிரப்பலாம் என்ற கட்டுப்பாடு போடப்பட்டிருக்கலாம். பெற்றோர் தங்கள் சொந்தக் கணக்கில் வருவதால் கதவடைப்பு. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, இணைப்பு உள்ள எவரும் நிரப்பலாம் என்று மாற்றுங்கள். புதிதாக உருவாக்கும் பாரங்களில் 'பப்ளிஷ்' என்ற பொத்தானும் வருகிறது. அதை அழுத்தாமல் அனுப்பினால் யாராலும் நிரப்ப முடியாது.

இன்னொரு காரணம், கோப்பு ஏற்றும் கேள்வி. பணம் கட்டிய ரசீதின் படத்தைக் கேட்டு ஒரு கேள்வி வைத்தால், நிரப்புபவர் கூகலில் உள்நுழைந்தே ஆக வேண்டும். கடவுச்சொல்லை மறந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ரசீதைப் புலனத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

பதில் தாளைத் திறந்தால் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. பதில்கள் தொலைந்துவிட்டனவா?

தொலையவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் தாளில் ஒரு பத்தி உண்டு. ஒருவர் போகாத செக்‌ஷனின் பத்திகள் அவர் வரியில் காலியாகத்தான் இருக்கும்.

சிக்கல் வேறொன்று. தொடக்கப்பள்ளிச் செக்‌ஷனிலும் இடைநிலைப்பள்ளிச் செக்‌ஷனிலும் 'பாடங்கள்' என்றே பெயர் வைத்திருந்தால் தாளில் 'பாடங்கள்' என்று இரண்டு பத்திகள் தனித்தனியாக நிற்கும். எது எது என்று தலைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'பாடங்கள், தொடக்கப்பள்ளி' என்று எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவான கேள்வியைக் கிளைகளுக்குள் நகலெடுத்து வைக்காதீர்கள். பிரிவதற்கு முன்னாலோ, எல்லோரும் ஒன்று சேரும் கடைசிப் பக்கத்திலோ ஒரே ஒரு முறை கேளுங்கள்.

வேனில் வருபவருக்கு ஒரு செய்தி, மற்றவருக்கு வேறு செய்தி என்று முடிவில் காட்ட முடியுமா?

அனுப்பிய பிறகு வரும் நன்றிச் செய்தி எல்லோருக்கும் ஒன்றுதான், பிரிக்க முடியாது. அதற்குப் பதிலாக, கேள்வியே இல்லாத ஒரு செக்‌ஷனை உருவாக்கி, அதன் விளக்கத்தில் சொல்ல வேண்டியதை எழுதுங்கள். "வேன் எல்பில் தோட்டத்தில் காலை 8 மணிக்கு நிற்கும், பிள்ளைக்குத் தண்ணீர் புட்டி கொடுத்து அனுப்புங்கள்" என்பது போல. எல்பில், டோவன்பி, கமுனிங் என்று ஏறும் இடத்துக்கு ஒரு பக்கம் வைத்தால், அவரவருக்கு வேண்டிய நேரம் மட்டும் தெரியும். அனுப்பும் முன் அதைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதிவு தொடங்கிய பிறகு கேள்வியை மாற்றலாமா?

எழுத்துப்பிழை திருத்தலாம். பதில்களின் பெயரை மாற்றினால் கவனம். 'கமுனிங்' என்று இருந்ததை 'கமுனிங் தோட்டம்' என்று மாற்றினால், தாளில் முன்பு வந்தவை பழைய பெயரிலேயே இருக்கும். வேன் ஓட்டுநருக்கு எண்ணிக்கை கொடுக்கும்போது இரண்டும் தனித்தனியாக எண்ணப்படும். செக்‌ஷனை நீக்கினாலோ இடம் மாற்றினாலோ ஒவ்வொரு பாதையையும் மறுபடி நடந்து பாருங்கள்.

எப்படிச் சோதிப்பது?

மேலே உள்ள கண் சின்னத்தை அழுத்தி, காகிதத்தில் வரைந்த ஒவ்வொரு பாதையையும் ஒருமுறை முழுக்க நிரப்பி அனுப்புங்கள். பெயருக்குப் பதிலாகப் பாதையையே எழுதுங்கள்: 'தொடக்கப்பள்ளி வேன் உண்டு', 'தொடக்கப்பள்ளி வேன் இல்லை', 'இடைநிலை வேன் உண்டு', 'இடைநிலை வேன் இல்லை'. நான்கு பாதை, நான்கு வரி. சலுகைக் கதவையும் சேர்த்தால் எட்டு. தாளைத் திறந்தால் எந்த வரியில் எந்தக் கட்டம் நிரம்பக்கூடாதோ அது நிரம்பியிருப்பது உடனே தெரியும்.

பிறகு கணினி பழக்கம் இல்லாத ஒருவரிடம் கைப்பேசியில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, எங்கே உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ அங்கே கேள்வியின் வாசகம் சரியில்லை.

சோதனைப் பதில்களும் உண்மையான பதில்களாகவே பதிவாகும். பாரத்தில் அவற்றை அழித்தாலும் இணைத்துள்ள தாளில் வரிகள் அப்படியே இருக்கும், அங்கேயும் தனியாக அழிக்க வேண்டும்.

மைக்ரோசாப்ட் பாரம், ஜாட்பார்ம் எல்லாம் இதைவிட நல்லதா?

மைக்ரோசாப்ட் பாரத்தில் 'ஆட் பிராஞ்சிங்' என்ற வசதி உண்டு. அது கேள்வியிலிருந்து கேள்விக்கே தாவும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி தேவையில்லை. முன்னோக்கி மட்டுமே போகும், பின்னால் வராது. டெலிமா வழியாக ஆசிரியர்களுக்கு அதுவும் கிடைக்கிறது. ஜாட்பார்மில் கேள்வி அதே பக்கத்திலேயே தோன்றும், மறையும். பார்க்க அழகு, ஆனால் இலவசக் கணக்கில் பதில்களுக்கு வரம்பு உண்டு. நம் ஊர்ப் பெற்றோருக்குக் கூகல் பாரத்தின் முகம் பழகிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்காகவே நான் கூகலில் இருக்கிறேன்.

கைப்பேசியில் நிரப்பவே தெரியாத தாத்தா பாட்டிக்கு?

அவர்களுக்காக நீங்களே நிரப்பிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் ஒருவர் கைப்பேசியோடு உட்கார்ந்தால் போதும். கிளைகள் உள்ள பாரம் அங்கே இன்னும் உதவும், அவர்களிடம் கேட்க வேண்டியதை மட்டும் அது உங்களிடம் காட்டும். நீங்கள் வாய்விட்டுப் படித்து, அவர்கள் சொல்வதைத் தட்டினால் சரி. முதல் பக்கத்தில் "இதை நிரப்புவது யார்?" என்று ஒரு கேள்வி சேர்த்து, 'பொறுப்பாளர்', 'அவருக்காக உதவியாளர்' என்று இரண்டு பதில் வையுங்கள். உதவியாளர் நிரப்பிய பதிவுகளைச் சனிக்கிழமைக்கு முன் ஒருமுறை தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளலாம்.